ஒடித்து நட்டால் வளரும் விலங்கு

பவளம் ஒரு விலங்கு. ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் நெருங்கிய உறவு. பாலிப் எனப்படும் அதன் தனி உடல், மேலே ஒரு வாயும் அதைச் சுற்றி உணர்கரங்களும் கொண்ட சிறு பை. உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். ஒரு பாலிப் பக்கவாட்டில் மொட்டு விட்டோ, இரண்டாகப் பிரிந்தோ அடுத்ததை உண்டாக்குகிறது. இப்படிப் பெருகிய நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பாலிப்கள் மெல்லிய சதையால் இணைந்து ஒரே திரளாக வாழ்கின்றன. கல் பவளங்கள் தமக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்துக் கூடு கட்டிக்கொள்கின்றன. மென்பவளங்களுக்கு அந்தக் கூடு கிடையாது.

திரளில் உள்ள பாலிப்கள் எல்லாம் ஒரே மரபணுவின் நகல்கள் என்பதால், ஒரு கிளை ஒடிந்து விழுந்தாலும் அது முழுமையான உயிராகவே இருக்கிறது. விழுந்த இடத்தில் வெளிச்சமும் நீரோட்டமும் இருந்து, உருளாமல் கிடந்தால் அது பாறையைப் பற்றிக்கொண்டு புதிய திரளாக வளரும். கரீபியன் கடலின் மான்கொம்புப் பவளம் பரவுவது பெரும்பாலும் புயலில் ஒடிந்த கிளைகளால்தான். முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோல, வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளத்தைப் பெருக்குவோரும் இதையே கையால் செய்கிறார்கள். ஒடித்தெடுத்த துண்டுக்கு அவர்களிடையே வழங்கும் பெயர் ஃபிராக்.

ஒடிப்பது சில நிமிட வேலை. துண்டு பிழைக்குமா என்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, தொட்டி நீரில் தீர்மானமாகிவிடுகிறது. புதிதாக அமைத்த தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறவே சில வாரங்கள் ஆகும். அதன் பிறகும் பாசி படர்வதும் மறைவதுமாகத் தொட்டி நிலைகொள்ளாமல் இருக்கும். அந்தக் கட்டத்தில் அக்ரோபோரா போன்ற நுட்பமான கல் பவள இனத்தை வாங்கி வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். பவளத்தை வெட்டும் ஆசை வருவதற்கு முன், வெட்டாத பவளம் ஒன்றாவது அந்தத் தொட்டியில் ஆறு மாதம் நலமாக வளர்ந்திருக்க வேண்டும்.

நீரைத் தயாரிப்பது ஆர்.ஓ. கருவியிலிருந்து தொடங்குகிறது. குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள நைட்ரேட், பாஸ்பேட், செம்பு போன்றவை பவளத்துக்கு ஆகாதவை. சுத்திகரித்த நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கடலின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்கும். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே அன்றாடம் குறையும் நீருக்கு நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது நல்லது. 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பெரும்பாலான இனங்கள் வெளுக்கத் தொடங்கும். வெயில் மிகுந்த ஊர்களில் நீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் பவளத் தொட்டி வைப்பது கடினம்.

கல் பவளம் வளர்ப்பவர் அன்றாடம் கண்காணிக்க வேண்டியது காரத்தன்மை. கூடு கட்டத் தேவையான கார்பனேட் நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. தொட்டிக்காரர்கள் அதை டி.கே.எச். என்ற அலகில் அளக்கிறார்கள். கடலில் அது ஏறக்குறைய 7. தொட்டிகளில் 8 முதல் 9 வரை வைப்பது வழக்கம். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1,300 பி.பி.எம். அளவில் இருக்க வேண்டும். பவளம் கூடு கட்டக் கட்ட, கால்சியமும் காரத்தன்மையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து குறைகின்றன: காரத்தன்மை 1 டி.கே.எச். இறங்கினால் கால்சியம் சுமார் 7 பி.பி.எம். இறங்கும். கால்சியத்தின் கையிருப்பு நீரில் பெரிது என்பதால் அதன் குறைவு சில நாட்களுக்குக் கண்ணில் படாது. காரத்தன்மையின் கையிருப்பு சிறிது. இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டாலே அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 200 லிட்டர் தொட்டி ஒன்றில் பவளங்கள் நாளொன்றுக்கு 1 டி.கே.எச். உறிஞ்சுகின்றன என்று வைத்துக்கொண்டால், அதை ஈடுசெய்ய 6 கிராம் சமையல் சோடா தேவை. கூடவே இறங்கிய கால்சியத்துக்கு 5 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) தேவை. இரண்டையும் தனித்தனி நீரில் கரைத்து, நேரம் விட்டு, தொட்டியின் வெவ்வேறு இடங்களில் ஊற்ற வேண்டும். சேர்த்துக் கலந்தால் பாத்திரத்திலேயே சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். இன்னும் பழைய முறை, ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. தெளிந்த சுண்ணாம்பு நீர் கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் தருகிறது; நீரின் பி.எச். அளவையும் தாங்கிப் பிடிக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் பி.எச். தாறுமாறாக ஏறிவிடும் என்பதால் சொட்டு முறை கட்டாயம். எந்த முறையானாலும் எண் நிலையாக நிற்பது முக்கியம். காரத்தன்மை 7.5ல் மாதக்கணக்கில் நிற்கும் தொட்டியில் செழிக்கும் அக்ரோபோரா, 8க்கும் 10க்கும் இடையே வாரந்தோறும் ஊசலாடும் தொட்டியில் நுனி வெந்து, சதை உரிந்து செத்துப்போகும்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் முற்றிலும் துடைத்தெடுப்பதுதான் நல்ல வளர்ப்பு என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அவை சுழிக்கு வந்தால் பவளம் வெளிறி மெலிகிறது என்பதை இன்று பலரும் உணர்ந்திருக்கிறார்கள். சிறிதளவு நைட்ரேட்டும், பத்து லட்சத்தில் நூறில் சில பங்கு என்ற அளவில் பாஸ்பேட்டும் இருக்கத்தான் வேண்டும்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் சர்க்கரையின் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. தொட்டி விளக்கு இந்தப் பாசிகளுக்காகத்தான். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் மீட்டரில் காளான் பவளங்களுக்கும் பெரும்பாலான மென்பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை தேவைப்படும். ஆழ்கடல் வெளிச்சத்தைப்போல நீலம் மேலோங்கிய எல்.இ.டி. விளக்குகளின் கீழ் பவளத்தின் பச்சையும் செம்மஞ்சளும் ஒளிர்ந்து தெரிவது சதையில் உள்ள ஒளிரும் புரதங்களால். புதிய துண்டை நேராக உச்சி வெளிச்சத்தில் வைத்தால் பாசிகள் வெளியேறி அது வெளுத்துவிடும். தொட்டியின் அடியில் வைத்து, வாரங்களின் போக்கில் மேலே ஏற்றுவதே சரி. வெளிச்சத்துக்கு இணையாக நீரோட்டமும் வேண்டும். உணவையும் கரைந்த வாயுவையும் கொண்டுவருவதும், பவளம் சுரக்கும் சளியை அடித்துச் செல்வதும் ஓட்டம்தான். ஒரே திசையில் பீய்ச்சும் ஓட்டம் சதையைக் கிழிக்கும். எதிரெதிரே வைத்த இரு பவர்ஹெட் பம்புகள் மாறி மாறி ஓடும் தொட்டியில் பவளம் நன்றாக விரியும்.

எதை முதலில் வெட்டுவது என்ற கேள்விக்கு அனுபவசாலிகள் சொல்லும் பதில் மென்பவளம். பச்சை நட்சத்திரப் பாலிப் என்ற இனம் ஊதா நிறத் தோல்போலப் பாறைமேல் படரும். கூரிய கத்தியால் ஒரு சதுரம் அறுத்து உரித்தெடுத்து வேறு கல்லில் ஒட்டினால் போதும். தோல் பவளங்களின் குடையை நடுவே அறுத்தாலும் இரு பாதியும் பிழைக்கும். காளான் பவளத்தை வாயின் பங்கு ஒவ்வொரு துண்டிலும் வரும்படி நான்காகப் பிளந்தால் நான்கும் வட்டம் கட்டிக்கொள்ளும். அது வழுவழுப்பானது, பசை பிடிக்காது. துண்டுகளைக் கல்சல்லி பரப்பிய சிறு கிண்ணத்தில் போட்டு, மேலே வலை கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் வைத்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தாமாகவே ஏதாவது ஒரு கல்லைப் பற்றியிருக்கும்.

கல் பவளங்களில் கிளைவிடும் யூஃபிலியா தொடங்குவோருக்கு ஏற்றது. சுத்தியல் பவளம், தீப்பந்தப் பவளம் என்று விற்கப்படுபவை இந்த இனத்தவை. ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் ஒரு தலை. அதன் சதை மேல் ஓரிரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கீழே இருப்பது வெறும் கூடு. வெட்டுவதற்கு முன் திரளை மெல்ல அசைத்தால் நீண்டு விரிந்திருந்த கரங்கள் காற்றிறங்கியதுபோல் சுருங்கிக் கூட்டுக்குள் போய்விடும். அதன் பிறகு சதை முடியும் கோட்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் கீழே, வைர முனை பதித்த ரம்பத்தால் ஈரம் காயாமல் அறுக்க வேண்டும். சதையில் ரம்பம் படவே கூடாது. கிளையில்லாமல் சுவர்போல் வளரும் யூஃபிலியாவை அறுத்தால் சதையையே அறுக்க நேரும். காயம் அழுகிப் பல சமயம் முழுத் திரளும் போய்விடும். அதை விட்டுவிடுவதே நல்லது.

தட்டாகப் படரும் மோன்டிபோராவின் விளிம்பைக் கையாலேயே முறிக்கலாம். அக்ரோபோராவில் ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிர்நிற முனைப் பாலிப் ஒன்று இருக்கும். கிளை நீள்வது அதனால்தான். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில், எலும்பு வெட்டும் கத்தரியால் ஒரே அழுத்தில் நறுக்க வேண்டும். பலமுறை நசுக்கினால் கூடு நொறுங்கி, அதன் மேலுள்ள சதையும் சாகும். நறுக்கிய துண்டின் அடிப்பகுதியைத் துடைத்து, பீங்கானால் ஆன சிறு மேடையில் கூழ்வடிவ சூப்பர் குளூவை ஒரு குன்றுபோல் வைத்து, துண்டை அதில் அழுத்திப் பிடித்தபடியே நீருக்குள் இறக்கலாம். அந்தப் பசை ஈரம் பட்டால்தான் இறுகும். கடலுயிர் வளர்ப்புக்கு இத்தனை பொருத்தமான பொருள் வேறில்லை. வெட்டுப்பட்டவற்றைத் தொட்டி நீரால் அலசி, அயோடின் கலந்த நீரில் சில நிமிடம் முக்கியெடுப்பது காயத்தில் கிருமி பிடிக்காமல் காக்கும்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. பொத்தான் பவளங்கள் என்று மலிவாகக் கிடைக்கும் சோவாந்திட் இனங்களில் சில, குறிப்பாகப் பாலித்தோவா, பாலிடாக்சின் என்ற நஞ்சைக் கொண்டவை. ஹவாயின் மவுயி தீவில் ஹானா ஊருக்கு அருகே எடுத்த பாலித்தோவாவிலிருந்து 1971ல் பிரித்தறியப்பட்ட இது, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று. மாற்று மருந்து கிடையாது. வெட்டும்போது தெறிக்கும் நீர் கண்ணில் பட்டாலோ, கைக்காயத்தில் புகுந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். இவை ஒட்டியுள்ள பாறையைச் சுத்தப்படுத்துவதாக எண்ணிக் கொதிக்கவைத்த வீடுகளில், ஆவியைச் சுவாசித்து மொத்தக் குடும்பமும் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இவற்றைத் தொடக் கூடாது. வெந்நீர் ஊற்றவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த இனத்தை வெட்டாமல் இருப்பதே மேல்.

ஒட்டிய துண்டு முதல் சில நாள் சுருங்கியே இருக்கும். மென்பவளக் காயம் ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். அக்ரோபோரா உடனே உயராது. முதலில் அடியில் சதையைப் பரப்பிப் பசையையும் மேடையையும் மூடிக்கொண்டு, பிடிப்பு உறுதியான பிறகே கிளை விடும். அந்தப் பல வாரக் காத்திருப்பில் பொறுமையிழந்து இடம் மாற்றுவதும் கையால் தொட்டுப் பார்ப்பதும்தான் பல துண்டுகள் பாழாகக் காரணம். பிறகு வளர்ச்சி இனத்தைப் பொறுத்தது. கடலில் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். மூளைப் பவளம் போன்ற உருண்டை இனங்கள் ஒரு சென்டிமீட்டர் அளவே பெருக்கும்.

துண்டுகள் பெருகப் பெருக இடச் சண்டை தொடங்கும். யூஃபிலியா இரவில் வழக்கத்தைவிடப் பல மடங்கு நீண்ட கொட்டும் கரங்களை வீசி அக்கம்பக்கத்தை எரித்துவிடும். தோல் பவளங்கள் தீண்டாமலே போரிடுகின்றன. அவை நீரில் கசியவிடும் வேதிப்பொருட்கள் கல் பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். இரு வகையையும் ஒரே தொட்டியில் வைப்பவர்கள் வடிகட்டியில் செயலூட்டிய கரி போட்டு அந்த வேதிப்பொருளை உறிஞ்சியெடுக்கிறார்கள்.

துண்டைக் கைமாற்றும்போது கூடவே பூச்சியும் கைமாறுகிறது. அக்ரோபோராவைத் தின்னும் ஒரு தட்டைப்புழு பவளத்தின் நிறத்தையே ஒத்திருப்பதால் கண்ணுக்குப் புலப்படாது; சதையில் வட்ட வட்டமாய் வெளிறிய கடித் தடங்களும், அடியில் பழுப்பு முட்டைத் திட்டுகளும்தான் தெரியும். மோன்டிபோராவுக்கு வெண்ணிற ஓடிலா நத்தை ஒன்று எதிரி. மருந்து நீரில் முக்கினால் புழு உதிரும், முட்டை சாகாது. அதனால் புதிய துண்டுகளைத் தனித் தொட்டியில் வைத்து, முட்டை பொரிக்கப் பொரிக்க வாரம் ஒருமுறை மீண்டும் மீண்டும் முக்குவது அவசியம். நல்ல வளர்ப்பாளர்கள், வந்த துண்டோடு ஒட்டிவந்த மேடையையே கழற்றி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுகிறார்கள்.

வீட்டில் பவளம் வளர்ப்பது சாத்தியம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அதிகக் காலத்துக்கு முன்பல்ல. இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறையை எடுத்துவந்து வடிகட்டியே இல்லாமல் தொட்டி வைத்த முறையை 1961ல் எழுதினார். ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் சுண்ணாம்புத் தெளிநீரைப் புகுத்தினார். உயிர்ப்பாறை, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் வலுவான புரோட்டீன் ஸ்கிம்மர், கடும் வெளிச்சம் ஆகியவற்றைச் சேர்த்த பெர்லின் முறை 1980களில் உருவானது. பெர்லினில் டீட்ரிக் ஷ்ட்யூபர் வளர்த்த அக்ரோபோரா ஒன்றின் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல தொட்டிகளுக்குப் பரவின. கடலுக்குப் போகாமலே பவளம் பெறலாம் என்ற நிலை அப்படித்தான் தொடங்கியது. இதன் மதிப்பு பெரிது. வீட்டில் பெருக்கிய ஒவ்வொரு துண்டும் கடற்பாறையில் உளி வைத்துப் பெயர்க்கும் ஒரு திரளுக்கு மாற்றாக முடியும். ஆனால் கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு செல்ல அனுமதிச் சான்று வேண்டும்.

தொட்டியில் கற்ற கை கடலுக்கும் திரும்பிப் போயிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொட்டிகளுக்கு விற்பதற்காகக் கடலடியில் பாறை வளர்த்துவந்த கென் நெடிமயர், அந்தப் பாறையில் மான்கொம்புப் பவளம் தானாகவே குடியேறியதைக் கண்டு, அதை வெட்டிப் பெருக்கத் தொடங்கினார். 2007ல் அவர் நிறுவிய பவள மீட்பு அறக்கட்டளை பல்லாயிரம் துண்டுகளைக் கடலில் நட்டிருக்கிறது. அதே மாநிலத்தின் மோட் ஆய்வகத்தில் டேவிட் வாகன், தொட்டியடியில் ஒட்டியிருந்த பவளத்தைப் பெயர்த்தபோது சில பாலிப்கள் மட்டும் விடுபட்டுப் போயின. அவை எதிர்பாராத வேகத்தில் வளர்ந்துவிட்டன. விரல்நகம் அளவுக்குப் பொடித் துண்டுகளாக வெட்டினால் மெதுவாக வளரும் உருண்டைப் பவளமும் பல மடங்கு வேகமாகப் பரவும், ஒரே திரளின் துண்டுகளை அருகருகே ஒட்டினால் சந்திக்கும் இடத்தில் இணைந்து ஒன்றாகிவிடும் என்பது அதிலிருந்து தெளிந்தது.

துண்டு முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஆயிரம் துண்டுகளும் ஒரே உயிரின் நகல்கள்; ஒன்றைக் கொல்லும் நோயோ வெப்பமோ எல்லாவற்றையும் கொல்லும். புது மரபணுக் கலவை வேண்டுமானால் முட்டையும் விந்தும் சேர வேண்டும். பல பவளங்கள் ஆண்டில் சில இரவுகள் மட்டும், முழுநிலவையொட்டி அவற்றை ஒருசேர நீரில் விடுகின்றன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் கடலின் பருவ வெப்பத்தையும் பகல் நீளத்தையும் நிலவொளியையும் தொட்டியில் அப்படியே உண்டாக்கி, அக்ரோபோராக்களை உரிய காலத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்து, 2017ல் அந்த முறையை வெளியிட்டார்கள். வீட்டுத் தொட்டிக்கு இது இன்னும் எட்டாத வேலை.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்குச் சட்டத்தின் வேலி உண்டு. கல் பவளங்கள், கரும்பவளங்கள், தீப்பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கரையில் கிடக்கும் செத்த பவளத்தை நினைவுப் பொருளாக எடுத்துவருவதற்கும் சட்டம் இடம் தராது. தொட்டிக்கு எந்த உயிரை வாங்குவதானாலும் அது அட்டவணையில் உள்ள இனமா என்று வனத்துறையிடம் கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி போதாது.

இந்தக் கண்டிப்பின் காரணம் மன்னார் வளைகுடாவில் கண்ணெதிரே இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் தோண்டியெடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் இங்கே பவளத்தை மீண்டும் நட்டுவருகிறது. நலமான திரள்களிலிருந்து அனுமதியோடு எடுத்த கிளைவிடும் இனங்களின் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டி, சிதைந்த பாறைப் பகுதிகளில் இறக்கிவைக்கிறார்கள். கட்டு அசையாமல் இருப்பதும், மணலும் பாசியும் துண்டை மூடாமல் பார்த்துக்கொள்வதும், கோடையில் நீர் சூடேறி வெளுக்கும் மாதங்களைத் தவிர்த்து நடுவதும் இங்கேயும் முக்கியம்.